கேட் மூடுவதற்கு அரை மணி முன்பு

அக்காவைப் பற்றி எழுதச் சொன்னபோது அவருடைய பிள்ளைகள் இருவரும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள். "மாமா, சொன்ன தேதிக்குக் குடுத்துடுங்க." என் புகழ் அப்படிப்பட்டது. மூன்று நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் உறவினர்கள் நம்ப மாட்டீர்கள், அச்சகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

அக்கா ஜோலார்பேட்டையில் பிறந்தவர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசு வேலை அக்காவுக்குக் கிடைத்தது. பிள்ளைகளைக் கிளப்பி, மூன்று டப்பாவில் சோறு கட்டி, சங்கு ஊதுவதற்குள் ஒர்க்‌ஷாப்புக்குள் இருப்பார். ஓய்வு பெறும் வரை தாமதம் என்று ஒரு நாள்கூடப் பெயர் வாங்கியதில்லை.

அவரையும் தாமதமாக்கிய பாவி நான்.

மூத்தவன் முரளி ராணுவத்தில் சேர்ந்து, நம் ஊர்ப் பயிற்சி மையத்திலேயே பயிற்சி முடித்தான். அணிவகுப்பு ஏழரைக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. அக்கா ஐந்தரைக்கே புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம ஊர்ல எந்த விழாக்கா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு?" என்று நான் ஆற அமரக் குளித்தேன். போதாததற்கு வழியில் ஆட்டோவை நிறுத்தி இரானி டீ வேறு.

போய் இறங்கினால் கேட் சாத்தியிருக்கிறது. தலைமை விருந்தினர் வந்தபின் யாரையும் விட உத்தரவில்லை என்றார் காவலர். "சாய் நக்கோ போலா நா மை!" என்று ஆட்டோக்காரர் என்மேல் பாய்ந்தார். டீ வேண்டாம் என்று அவர் அப்போதே சொன்னது உண்மைதான்.

அக்கா மதில் ஓரமாய்ப் போய் நின்றார். உள்ளே பேண்டு வாசிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கும் வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்.

பயிற்சி முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அங்கே பதக்கம் அணிவிப்பார்கள். முரளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். "உன் நாற்காலி காலியா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னான். ஆட்டோ பக்கத்தில் தெருவிலேயே அதை அம்மாவின் புடவையில் குத்திவிட்டான். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே யார் வீட்டுப் புள்ளைக்கும் இப்பிடி ஆவக் கூடாது" என்றார். அதோடு விட்டாரா? எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பையன் பயிற்சிக்குப் போனாலும், தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, அக்காவே போய் உட்கார்ந்து அவன் அம்மாவுக்குப் பாடம் நடத்துவார்.

"ஆரம்பிக்கிற நேரத்தைக் கேக்காத, கேட் மூடுற நேரத்தைக் கேளு. அதுக்கும் அரை மணி முன்னாடி போய் நில்லு. லிஸ்ட்ல பேரு இருக்குதான்னு முன்னாடியே பாத்துக்க. ஆதார் கார்டு எடுத்துக்க. போனை வாங்கி வெச்சுப்பாங்க, சண்டை போடாத. எல்லாப் புள்ளைங்களும் ஒரே மாதிரி தலைய ஒட்ட வெட்டியிருக்கும், மூஞ்சியத் தேடாத, நடையப் பாரு. பேரு சொல்லிக் கூவாத. பாக்காத மாதிரிதான் இருப்பான். ஆனா பாத்துக்கினுதான் இருப்பான். வீட்டுக்கு வந்தா ரெண்டே நிமிசத்துல தின்னுட்டு எழுந்துடுவான், சமையல் சரியில்லன்னு நீயா நெனச்சிக்காத."

ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்குத் தானும் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. இளையவன் தினேஷும் அதே மையத்தில் சேர்ந்தான். அவன் பயிற்சியில் இருக்கும்போதுதான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அணிவகுப்பு நெருங்கியபோது எழுந்து நடக்கவே தெம்பில்லை. அலையக் கூடாது என்றார் டாக்டர். "நான் எங்க சார் அலையப் போறேன்? நாற்காலில உக்காரத்தானே போறேன்" என்றார் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டார்.

என்னை நம்பாமல் முதல் நாளே தன் வீட்டில் வந்து படுக்கச் சொன்னார். அதே ஆட்டோக்காரரைச் சொல்லி வைத்தார். "ஆஜ் சாய் நக்கோ", இன்று டீ வேண்டாம் என்று அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நாங்கள் போனபோது கேட்டே திறக்கவில்லை. காவலர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

முன்வரிசை நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார். அணி எங்களைக் கடக்கும்போது கட்டளை கேட்டு எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அக்கா கூவவில்லை. என் கையைத்தான் நொறுக்கிவிட்டார். பதக்கம் குத்திய அதிகாரி உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தியில் கேட்க, "ஹவ், ஏக்தம் அச்சா!" என்று நோயே இல்லாதவர் மாதிரி பதில் சொன்னார். முடிந்ததும் ஓடிவந்த தினேஷ் சொன்ன முதல் வார்த்தை: "ஸ்வெட்டரத் திருப்பிப் போட்டிருக்கம்மா. அங்கருந்தே பாத்துட்டேன்!" அன்று அக்கா சிரித்த சிரிப்பை நான் வேறு என்றும் பார்த்ததில்லை.

சில மாதங்களில் அக்கா போய்விட்டார். முரளி எல்லையில் இருந்தான். பதினோரு மணிக்கு மேல் உடலை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். பத்தரைக்கு அவன் வந்து இறங்கினான். "கேட் மூடலையே மாமா?" என்று கேட்டான். அன்று நான் அழுதது அப்போதுதான்.

கடைசி நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்த லாலாகுடாத் தோழிகளுக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று முதலாண்டு நினைவுப் பூசை பத்து மணிக்கு. உங்களை வாசலில் வரவேற்று இந்த மலரைக் கையில் கொடுத்தவன் நான்தான். ஒன்பதரைக்கே வந்து நின்றுவிட்டேன். அக்கா பார்க்காத மாதிரிதான் இருப்பார். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.