பராமரிப்புக் குறைவால் விபத்து இல்லை

என் அண்ணனை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணியைக்கூட ‘ஃபிட்டர் வீட்டம்மா’ என்றால்தான் தெருவில் தெரியும். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் மெஷின்களைப் பழுதுபார்த்தார். அந்தத் தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அதுவரை அவர் பயோடேட்டா எழுதியதே கிடையாது. முதல் வேலைக்குப் போனபோது, “பேரிங் மாத்தத் தெரியுமா?” என்று கேட்டார்களாம். “தெரியும்” என்றாராம். ஒரு மோட்டாரைக் காட்டினார்கள், மாற்றினார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் எழுத்தர். வருகிற பயோடேட்டாக்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. ஒரு காகிதத்துக்கு அரை நிமிஷம் கொடுத்தால் அதிகம். அதனால் எப்படி எழுதினால் மேலதிகாரியின் மேஜை வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பேர், வயது எல்லாம் சுலபமாக முடிந்தது. ‘தொழில்நுட்பத் திறன்கள்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

“என்னென்ன தெரியும்ணா உனக்கு?”

“எல்லாம் தெரியும்.”

“எல்லாம்னு எழுத முடியாது. ஒண்ணொண்ணா சொல்லு.”

யோசித்தார். பேரிங், செயின், பெல்ட், கியர் பெட்டி, காற்றுக் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘மெஷினின் சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்தல்’ என்று நான் அழகாக ஒரு வரி சேர்த்தேன். படித்துவிட்டு, “பத்துக்கு ஏழு தடவைதான் சரியா இருக்கும், அதையும் போடு” என்றார்.

“வெல்டிங்?”

“ஒட்டுவேன். பாக்க நல்லா இருக்காது.”

“அதை யாரும் கேக்க மாட்டாங்க. வெல்டிங் தெரியும்னு போட்டுடறேன்.”

“சுமாரா தெரியும்னு போடு.”

அடுக்களையிலிருந்து அண்ணி, “இவரைப் பொண்ணு பாக்க எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்பவும் இப்படித்தான். என்ன சம்பாத்தியம்னு எங்கப்பா கேட்டா, ஒரு தொகையைச் சொல்லிட்டு, நைட் ஷிஃப்ட் இருந்தாதான் அவ்வளவு வரும், இல்லேன்னா கம்மின்னு சொன்னாரு” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அவருடைய பழைய ஃபைலைப் புரட்டினேன். சம்பளச் சீட்டு, ரத்த வகை அட்டை, அதற்கடியில் கண்ணாடிக் காகிதம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். ‘பத்து ஆண்டுகளில் பராமரிப்புக் குறைவால் ஒரு விபத்துகூட நேராமல் பணியாற்றியமைக்காக’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“ஏன்ணா, இதைப் போய் உள்ள வெச்சிருக்கே? இது ஒண்ணு போதுமே!”

அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினேன். என் வேலையில் பார்த்திருக்கிறேன், பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் அந்தக் காகிதம் தனியாக எடுத்து வைக்கப்படும். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“அதை எடுத்துடு” என்றார்.

“எதுக்கு?”

“எடுத்துடும்மா.”

அவர் என்னை ‘ம்மா’ என்று கூப்பிடுவது அபூர்வம். வழக்கமாகக் ‘கழுதை’தான். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவர் நெட்டையைப் பற்றிச் சொன்னார்.

நெட்டை அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். அட்டை வெட்டும் பிரஸ்ஸில் ஆபரேட்டர். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வேலைக்குப் போன காலம் உண்டு. பதினோரு வருடம் முன்பு அந்த பிரஸ்ஸில் நெட்டையின் வலது கை மாட்டி, கட்டைவிரல் தவிர நாலு விரலும் போய்விட்டன. இது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நெட்டையின் கவனக்குறைவு, ஃபிட்டர் பேச்சைக் கேட்காமல் கையை விட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

“அப்படி இல்ல” என்றார் அண்ணன்.

அந்த பிரஸ்ஸில் அட்டைத் துண்டு சிக்கிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் தூரத்துச் சுவரில். பழுது பார்ப்பவர் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அண்ணன் அணைத்தார். ஆனால் பூட்டு அந்தக் கோடியில் இருந்த கருவிப் பெட்டியில் கிடந்தது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டார். “ஆஃப் பண்ணிட்டேன், அந்தத் துண்டை உருவு. பெரிய ஸ்பானர் எடுத்துட்டு வந்துடறேன்” என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்போது ஷிஃப்ட் மாறி வந்த எலெக்ட்ரீஷியன், சுவிட்ச் பூட்டில்லாமல் அணைந்திருப்பதைப் பார்த்துப் போட்டுவிட்டார்.

“சத்தம் கேட்டுத் திரும்பினேன்” என்றதோடு அதை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாராம். ‘மெயினைப் பூட்டும்வரை கை வைக்காதே என்று எச்சரித்தேன். ஆபரேட்டர் மீறிக் கை வைத்தார்’ என்று அதில் எழுதியிருந்தது. “போனது திரும்ப வராது. உன் வேலையாவது நிக்கட்டும்” என்றாராம் மேனேஜர். அப்போது அண்ணன் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். மறைஞ்சிடுச்சு. நாலு வருஷம் கழிச்சு அதுக்குப் பாராட்டு வேற.”

அண்ணி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். நான் அந்த வரியை அழித்தேன். அவ்வளவோடு விட்டுவிடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. அண்ணன் விடவில்லை.

“அந்த வரி இருந்த இடத்துல, நடந்ததை எழுது.”

“என்னண்ணா உளர்றே? அதைப் படிச்சா எவன் வேலை குடுப்பான்?”

“திறமை என்னன்னுதானே கேக்கறாங்க? அதுக்கப்புறம் இந்தப் பதினோரு வருஷத்துல பூட்டுப் போடாம ஒரு மெஷினை நான் தொட்டதில்ல. அடுத்தவனையும் தொட விட்டதில்ல. எனக்கு உருப்படியா தெரிஞ்சது அதுதான். ஆனா எழுதறதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேக்கணும்.”

மறுநாளே போனார், நானும் கூடப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் நெட்டை டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். கை போனபின் தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைகூடத் தராமல் அனுப்பிவிட்டிருந்தார்கள். தவறு அவருடையது என்று எழுதியாகிவிட்டதே. கட்டைவிரலுக்கும் மிஞ்சிய உள்ளங்கைக்கும் நடுவில் டோக்கனைப் பிடித்து, வண்டியின் ஹேண்டிலில் சட்டென்று மாட்டினார். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வாடா ஃபிட்டர். தங்கச்சியும் வந்திருக்கா! என்ன விசேஷம்?”

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே முழுதும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. நடுவில் இரண்டு வண்டிகள் வந்தன. நெட்டை டோக்கன் கொடுத்துவிட்டு மறுபடி வந்து நின்று கேட்டார்.

“எச்சரிச்சதா ஒரு பேப்பர் ஆஸ்பத்திரியில காட்டினாங்க” என்றார் கடைசியில். “எனக்கு அப்படி ஞாபகம் இல்ல. மயக்கத்துல மறந்துட்டேன் போலன்னு நெனச்சேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“பதினோரு வருஷமா என்னை நானே செருப்பால அடிச்சிட்டிருக்கேன். என் பொண்டாட்டி வாய் ஓயாம கேக்கறா, சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா கை இருந்திருக்குமேன்னு. நானும் ஆமான்னு சொல்லிட்டிருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்து, “கூட்டிட்டுப் போம்மா இவனை” என்றார்.

திரும்பி வந்தபோது அண்ணன் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

ஆறு நாள் கழித்து நெட்டையே வந்தார். அன்றைக்கும் ஞாயிறுதான், நான் அங்கே இருந்தேன். அண்ணி காப்பி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார்.

“உன் வேலைக் காகிதத்துல எழுதிக்கோ. என் பேர் வேணாம். ஆனா எனக்கு ஒண்ணு வேணும். அன்னிக்கு நீ கையெழுத்துப் போட்டது பொய்யின்னு எழுதி, அதே கையெழுத்தைப் போட்டு என் கையில குடு. என் பொண்டாட்டி படிக்கணும்.”

அன்று நான் இரண்டு காகிதம் தட்டச்சு செய்தேன். முதலாவது நெட்டைக்கு. அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘அவசரத்தில்’ என்று நான் ஒரு வார்த்தை சேர்த்ததைப் பார்த்து, “அவசரம் ஒண்ணும் இல்ல, சோம்பல்தான். மாத்து” என்றார். தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்தேன், அண்ணன் கையெழுத்துப் போட்டார். நெட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார், மடித்தார், பையில் வைத்தார், போய்விட்டார். இரண்டாவது பயோடேட்டா. திறன்கள் பட்டியலின் கடைசியில் இப்படி முடிந்தது: ‘நான் பூட்டாமல் விட்ட மெஷினில் சக தொழிலாளி ஒருவர் விரல்களை இழந்தார். அதன் பின் பதினோரு வருடம் பூட்டாமல் எந்த மெஷினிலும் கை வைத்ததில்லை, வைக்க விட்டதுமில்லை.’

நெட்டைக்குக் கொடுத்த காகிதத்தை இன்னொரு பிரதி எடுத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கப் போனார் அண்ணன். கம்பெனியே மூடியாச்சு, அந்த ஃபைலும் முடிஞ்சாச்சு என்றார்களாம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு முத்திரை மட்டும் குத்தினார்கள்.

மூன்றாம் நாள் நெட்டையின் மனைவி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அண்ணி பிறகு எனக்குச் சொன்னது இது. அந்த அம்மா கத்துவார் என்று இவர்கள் காத்திருந்தார்கள். கத்தவில்லை. “அண்ணே, பதினோரு வருஷமா அந்த மனுஷனை நான் பேசின பேச்செல்லாம் இருக்கே, அதை நான் எங்க போய்த் திருப்பி வாங்குவேன்?” என்று கேட்டார். அந்த அம்மா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

வேலை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டவர் முப்பது வயது இருக்கும் ஒரு பெண் என்ஜினியர். அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, “சார், இதை ஏன் எழுதினீங்க? யாரும் எழுத மாட்டாங்களே” என்றாராம்.

“எனக்குத் தெரிஞ்சதுல இதுதான் ரொம்ப விலை குடுத்துக் கத்துக்கிட்டதும்மா. விலை குடுத்தது நான் இல்ல” என்றிருக்கிறார் இவர்.

அந்தப் பெண் வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து, வேறு ஆளை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஆள் எடுக்கும் பிரிவில் என்னைப் போல ஒருத்தி அந்த வரியைப் பார்த்துப் பயந்திருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

கடைசியில் ஒரு தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் பயோடேட்டாவைப் படிக்கவே இல்லை. அங்கிருந்த பழைய ஃபிட்டர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட்டார், ஆள் உடனே வேண்டும். சூப்பர்வைசர் இவரைப் பம்பு அருகே கூட்டிப்போய், என்ன சத்தம் என்று கேட்டார். “பேரிங் போயிடுச்சு. இல்லேன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கும். திறந்தாதான் தெரியும்” என்றார் இவர். “நாளைக்கு வந்துடுங்க” என்றார் அவர்.

“அந்தப் பேப்பரைப் படிச்சீங்களா சார்?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

அண்ணன் அங்கேயே நின்று, அந்தக் கடைசி வரியை வாயால் சொல்லிவிட்டுத்தான் வந்தார். சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரி, காலைல ஏழு மணிக்கு வாங்க” என்றாராம். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவருக்குக் கீழே இப்போது வேலை செய்கிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நெட்டையைப் பார்க்க மாதத்தில் ஒரு நாளாவது அந்த வண்டி நிறுத்தத்துக்குப் போகிறார். சில நாள் நெட்டை பேசுவாராம். சில நாள் டோக்கன் கட்டை எண்ணிக்கொண்டே இருப்பாராம். மன்னித்துவிட்டாரா என்று ஒரு தடவை கேட்டேன். “அதை நான் கேக்க முடியுமா?” என்றார் அண்ணன். நெட்டை வீட்டில் இப்போது சண்டை இல்லையாம். அந்த அம்மா தினமும் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தத்துக்கு வருகிறாராம், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை டோக்கன் கொடுக்கிறாராம். அண்ணன் போகிற நாளில் அந்த அம்மா இருந்தால், இவர் தெரு முனையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.