கலந்துபோன பிடியரிசி

சாவுக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். சகோதர சகோதரிகளாகிய உங்கள் முன்னால் பொய்யைக் கலந்து சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அறுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் நான் நன்றாகவே பயந்தேன். தூங்கப் பயம், இருமப் பயம், என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயம்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மந்தைவெளியில், எங்கள் சபைக்கு அடுத்த சந்தில், இரண்டே அறையுள்ள வாடகை வீடு. என் கணவர் தங்கராஜ் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகள் சாந்திக்கு எட்டு மாதம். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. பிறகு படியேற முடியவில்லை. கடைசியில் பெற்ற பிள்ளையையே தூக்க முடியவில்லை. அவள் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். தாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. அப்போது கஷாயம் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு, ஆனால் அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லி, ஆகும் செலவையும் சொன்னார். என் கணவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு பணத்தை யாரும் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஜெபம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடினவள், பெண்கள் சங்கத்தில் நீளநீளமாக ஜெபித்தவள், எனக்கென்று வந்தபோது ஊமையாகிப் போனேன்.

எங்கள் சபையில் பிடியரிசி என்ற வழக்கம் உண்டு. சோறாக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். வாரம் ஒருமுறை அதைச் சபையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மொத்தமாக விற்று ஊழியத்துக்குச் செலவழிப்பார்கள். அந்த வருஷம் சேருவதெல்லாம் என் ஆபரேஷனுக்கு என்று சபை தீர்மானித்தது. சொல்ல வந்தவர் எஸ்தர் அக்கா. பெண்கள் சங்கத்தின் தலைவி. இந்த மயிலாப்பூர்ப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். கனத்த குரல், அதைவிடக் கனத்த கை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொடுத்தே பழகினவள் நான். "என் பேரைச் சொல்லி யாரும் பிச்சை எடுக்க வேண்டாம் அக்கா" என்றேன்.

"இன்னாம்மே பேசற நீ? யாரு பிச்சை எடுக்கறது? உனுக்கு நோவு வந்தா சபைக்கே நோவு வந்த மாறி. வாயை மூடிக்கினு படு" என்றார் அவர். போகும்போது என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனார்.

சபை அறையில் ஓதமும் எலியும் இருந்தபடியால் அரிசி டிரம்மை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தார்கள். என் கட்டிலுக்கு நேர் எதிரே. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வரிசையாக வந்து கொட்டுவார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற குடும்பங்கள், அடையாற்று ஆசிரியைகள், நொச்சிக்குப்பத்துப் பெண்கள். சிலர் கொட்டினால் சடசடவென்று சத்தம் கேட்கும். சிலர் கொட்டினால் சத்தமே கேட்காது. ரேஷன் கடையில் வரிசை நின்று அரிசி வாங்கின காலம் அது. மழையில் கட்டுமரம் கடலுக்குப் போகாத வாரங்களிலும் குப்பத்துப் பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து டிரம்முக்குள் உதறிவிட்டுப் போவார்கள். நான் கண்ணை மூடித் தூங்குகிறவள் போல் கிடப்பேன். கூச்சம் என்னைத் தின்றது.

கிறிஸ்மஸ் போய், புது வருஷம் பிறந்து, டிரம் நிறைந்தது. மூட்டை கட்டி ரிக்‌ஷாவில் ஏற்றி எஸ்தர் அக்காவும் என் கணவரும் அரிசி மண்டிக்குப் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள், மூட்டைகளோடு. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளங்கைல கொட்டிப் பாத்தான் லில்லி. சிரிக்கறான். இன்னாம்மா இது, பச்சையும் புழுங்கலும் ஒண்ணாக் கலந்து கீது, இத்த எவன் வாங்குவான், கோழிக்குத்தான் போடணும்ங்கறான்."

நடந்தது இதுதான். பிடியரிசி வழக்கத்தை இந்தச் சபைக்குக் கொண்டுவந்தவர்கள் எங்களைப் போன்ற திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் ஊர் முழுக்கப் புழுங்கலரிசிச் சோறுதான். எத்தனை வீட்டு அரிசியை ஒரே பானையில் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. இங்கேயோ ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் அந்த வாரம் ரேஷனில் என்ன போட்டார்களோ அது. பச்சரிசி சீக்கிரம் வெந்துவிடும், புழுங்கல் தாமதமாக வேகும். இரண்டையும் ஒரே உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். சோறாகாத அரிசியை யார் வாங்குவார்கள்? இத்தனை படித்தவர்கள் இருந்தோம், இத்தனை ஜெபம் பண்ணினோம், இரண்டு டிரம் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் சங்கத்துப் பெண்கள் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். பச்சரிசி வெள்ளை, புழுங்கல் மங்கல். பொறுக்கிப் பிரித்துவிடலாம் என்று நினைப்பு. எனக்கும் மடியில் ஒரு முறம் கொடுத்தார்கள். குனிந்து பொறுக்கினால் மூச்சு முட்டியது. வெகுநேரம் கழித்துப் பார்த்தால் ஆளுக்கு அரைப் படி தேறவில்லை. ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

தனியாக இருந்தேன். முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ உடைந்தது. இதில் ஒவ்வொரு மணியும் யாரோ ஒரு பிள்ளை ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்ட அரிசி. மாதக்கணக்காக வராத ஜெபம் அப்போது வந்தது. "ஆண்டவரே, என் உயிரைக் கேட்க எனக்கு வாயில்லை. அது உம்முடைய இஷ்டம். இந்த ஜனங்கள் கொடுத்ததைக் கோழிக்குப் போட விடாதேயும். இதைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நீரே ஏதாவது செய்யும்." இவ்வளவுதான் ஜெபித்தேன். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அழுதேன்.

பின்பக்க வீட்டில் பங்கஜம் மாமி இருந்தாள். மாட வீதிப் பக்கத்திலிருந்து குடிவந்த பிராமணக் குடும்பம். சாந்தியைக் கொஞ்ச அன்றாடம் ஒரு நடை வருவாள், நிலைப்படி தாண்ட மாட்டாள். அன்றைக்கும் வந்து நின்றாள்.

"ஏண்டி லில்லி, இதென்ன கூத்து? அரிசியை மணிமணியாப் பொறுக்கிண்டு ஒக்காந்திருக்கே?"

சொன்னேன். மண்டிக்காரர் சிரித்ததையும் சொன்னேன். மாமி என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அசடே, எங்காத்துல அடைக்குப் பச்சையையும் புழுங்கலையும் கலந்துதானே நனைக்கறோம். பாதிக்குப் பாதி. பருப்பு போட்டு, மொளகா வத்தல் வெச்சு, கொரகொரன்னு அரைச்சு வார்த்தா ஊரே மணக்கும். கலந்து வெச்சதை எதுக்குப் பிரிக்கறே?"

பதில் வந்து வாசலில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்டவர் எங்கள் சபையில் எல்லோரையும் விட்டு, மாமியின் வாயைத் திறந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எஸ்தர் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே அரிசியை நனைத்தார்கள்; மறுநாள், மாமி வீட்டு மதிலை ஒட்டியிருந்த சபையின் பின்கட்டில் ஆட்டுக்கல் உருண்டது. என் கணவர் கடையில் விஷயத்தைச் சொல்ல, முதலாளி அண்ணாச்சி, அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், நெற்றி நிறையத் திருநீறு பூசினவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "ஏ தங்கராசு, நம்ம கடைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வெளிய பலகாரம் வாங்குதோம்லா. அத உங்க ஆளுககிட்டயே வாங்கிக்கிடுதேன். பருப்பு என் கணக்குல போகட்டும்."

அப்புறம் ஒரே வேலைதான். ஆசிரியைகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து அரைத்தார்கள். ஆதம்பாக்கத்துப் பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது நொச்சிக்குப்பத்துப் பெண்கள் பொறுப்பு. முதல் நாள் அவர்கள் கூடைகளோடு வந்து நிற்க, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமி அலறினாள்: "மீன் கூடைல அடையை வெச்சேள்னா நான் இனிமே வாயே தெறக்க மாட்டேன்!" எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். சிரித்துப் பல மாதமாகியிருந்தது. புதுக் கூடை வாங்கினார்கள். எனக்குக் கொடுத்த வேலை உட்கார்ந்தபடி கறிவேப்பிலை உருவுவது. அடுப்புப் புகை எட்டாத இடத்தில் இருந்துகொண்டு உருவினேன். மாமி ஒரு நாளும் அந்த அடையை வாயில் வைக்கவில்லை. மதில் மேல் முகத்தை வைத்து, வாசனை பிடித்தே உப்புக் குறைவு என்பாள். பார்த்தால் குறைவாகத்தான் இருக்கும்.

மாசி பிறக்கும்போது அடுத்த சோதனை. சேர வேண்டியது இன்னும் சேரவில்லை. கலந்த மூட்டைகள் தீர்ந்துவிட்டன; அப்புறம் ரேஷனிலும் புழுங்கலே போட்டதால் டிரம்மில் விழுந்ததெல்லாம் புழுங்கல். எங்கள் சபையில் புழுங்கல் வீடுகளே அதிகம். வெறும் புழுங்கலில் வார்த்த அடை விறைத்துக்கொண்டு கடையில் அப்படியே மீந்து வந்தது. மாமியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நிலைப்படியில் பித்தளைச் சொம்போடு நின்றாள். சொம்பு நிறையப் பச்சரிசி. அவளுக்குப் பின்னால் தெருவில் ஐந்தாறு மாமிகள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு.

"எல்லாராத்துலயும் சொல்லிட்டேன். நித்தியம் சாதம் வடிக்கறச்சே ஒரு பிடி. இது உங்க வழக்கம்னா, இருந்துட்டுப் போகட்டுமே. கொழந்தைக்கு அம்மா வேணும்."

அன்றுதான் முதல்முறையாக நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் கொட்டுவதையும் பார்த்தேன். ஒவ்வொருவரையும் கும்பிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் பணம் கட்டினோம். ஆபரேஷன் நடந்த காலையில் சபையார் பின்கட்டில் மாவு அரைத்தபடியே மாறி மாறி ஜெபித்தார்களாம். நான் கண் விழித்தபோது நெஞ்சில் வலி இருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. ஆழமான, முழு மூச்சு. பல வருஷமாக அப்படி மூச்சு விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அதே வியாதி, அதே ஆபரேஷன். அவள் திரும்பி வரவில்லை. அவளுக்காகவும் அவள் வீட்டார் அழுது ஜெபித்ததை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஏன் கிடைத்தது, அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்தது போல உங்களிடம் பேச மாட்டேன். என் உயிர் எனக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பது மட்டும் அன்றிலிருந்து தெரியும்.

சாந்தியைத் தூக்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த நாளில் அவள் நடக்கவே கற்றுக்கொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை. இந்த அம்மா தூக்க மாட்டாள் என்று பழகிப் போயிருந்தாள். நானாகப் போய்த் தூக்கினேன். திகைத்து என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

இப்போது அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் பின்கட்டில் சனிக்கிழமைதோறும் ஆட்டுக்கல் உருளுகிறது, அந்தந்தச் சமயத்தில் நோயில் கிடக்கிற யாருக்காவது. அவர் சபையாரா என்று கேட்பதில்லை. இரண்டு டிரம் வைக்கலாமே என்று புதிதாக வந்த ஒருவர் யோசனை சொன்னார். எஸ்தர் அக்கா அவரை முறைத்த முறைப்பில் மனிதர் மறுபடி வாய் திறக்கவில்லை. ஒரே டிரம்தான்.

அன்பானவர்களே, ஜெபிக்க வாய் வராமல் இருக்கிறீர்களா? நானும் இருந்தேன். அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வையுங்கள், அதுவே ஜெபமாக இருக்கட்டும். யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். டிரம்முக்கு எதிரே ஒருத்தி தூங்குகிறவள் போலக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். நீங்கள் கொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது.