விருந்தாளித் தண்ணீர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஹப்சாவுக்கு மூக்கு நுனியில் கோபம். குடத்தைத் தட்டிப் பார்த்து "ஒடையுமா?" என்று கேட்டால், "நீ ஒடைச்சா ஒடையும்" என்பாள். அப்படிப்பட்டவள் பொறுமையாகச் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு வாளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்வாளியின் அடியில் துளை போட்டு, வெள்ளைப் பீங்கான் வடிகட்டியைத் திருகி மாட்டுவாள். கீழ்வாளிக்கு ஒரு குழாய். ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுத்தமாக இறங்கும். கரண்ட் வேண்டாம். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வருகிறவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். விலை ஒரு நாள் கூலியைத் தாண்டாது. மலையில் அவளுக்கு வாளிக்காரம்மா என்றே பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைக்கு ஐப்பசியில் அடி விழுந்தது. போன வருஷம் வாளி வாங்கிப்போன குஞ்சம்மாள், நாலு வயது மகள் தமிழ்மொழியை இடுப்பில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். குழந்தை வாடின கீரையாய்த் தோளில் கிடந்தது.

"மூணாவது தடவைங்க. உங்க வாளி இருந்தும் வயித்தால போறது நிக்கல."

ஹப்சாவுக்குச் சுருக்கென்றது. வடிகட்டியில் விரிசலா? ரப்பர் வாசர் சரியாக உட்காரவில்லையா? மலையில் நாற்பது வீட்டில் அவள் மாட்டிக் கொடுத்த வாளி இருக்கிறது. அத்தனை வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"ஒரு வாளிக்காக மலை ஏறுவியா?" என்றார் கணவர் மஜீத்.

"என் கையால மாட்டினதுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே கடையை அவரிடம் விட்டு பஸ் ஏறினாள்.

குஞ்சம்மாள் வீட்டில் வாளி நடுவீட்டில் முக்காலிமேல் இருந்தது. மேலே பூ போட்ட துணி வேறு. ஹப்சா கழற்றிப் பார்த்தாள். விரிசல் இல்லை, கசிவு இல்லை. வடிகட்டி புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது, குழப்பமாகவும் இருந்தது.

குஞ்சம்மாள் வாளியில் பிடித்த தண்ணீரைச் சொம்பில் நீட்டினாள். ஹப்சா பாதி குடித்திருப்பாள். அதற்குள் விளையாடிவிட்டு ஓடிவந்த தமிழ்மொழி, வாளியைத் தாண்டிப் போய் மூலையிலிருந்த பானையில் டம்ளரை விட்டாள்.

"அது இன்னா தண்ணி?"

"ஓடைத் தண்ணிங்க."

"அப்போ வாளித் தண்ணி?"

"அது வர்றவங்களுக்குங்க. டீச்சரம்மா, நர்ஸம்மா, உங்கள மாதிரி ஆளுங்களுக்கு. சொட்டுச் சொட்டாத்தான எறங்குது. அதையும் நாங்களே குடிச்சிட்டா நல்லாவா இருக்கும்?"

ஹப்சா திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் விருந்தாளிகளுக்கென்று தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகள் ஞாபகத்துக்கு வந்தன. சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அந்தப் பானையிலயே மொண்டு குடு."

"ஐயோ, வேணாங்க! உங்க ஒடம்புக்கு ஆவாது."

"இவ ஒடம்புக்கு மட்டும் ஆவுதா?"

குஞ்சம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹப்சா குழந்தையை மடியில் இழுத்துப் போட்டு, சொம்பில் மிச்சமிருந்ததைக் குடிக்க வைத்தாள்.

"இந்த வூட்டுக்கு மொத விருந்தாளி இவதான். இவ குடிச்சி மிச்சமிருந்தா எனக்குக் குடு. இல்லன்னா நான் தாகத்தோட போறேன்."

தை மாதம் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவக் கற்றுக்கொடுக்க ஹப்சா மறுபடி மலைக்குப் போனாள். இடையில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்று குஞ்சம்மாள் சொல்லிக்கொண்டே சொம்பைத் தேடினாள். தமிழ்மொழி முந்திக்கொண்டாள்.

"வாளிக்காரம்மா, இரு. நான் குடிச்சிட்டுத் தரேன்."

குழாயைத் திறந்து, டம்ளரில் பிடித்து, கடகடவென்று குடித்துவிட்டு மிச்சத்தை நீட்டினாள். இரண்டு வாய்கூட இருக்காது. ஹப்சா அதை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.