சுருதி சேராத வில்லன்

நான் எழுதிய முதல் ஐந்து நாவல்களிலும் கெட்டவன் என்று ஒருவன் கடைசிவரை நிலைத்ததில்லை. முதல் அத்தியாயத்தில் தம்பியின் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு துரத்துகிறவன், கதை முடிவதற்குள் ஏதாவதொரு கோயில் வாசலில் நீறு பூசிக்கொண்டு விம்மி அழுதுவிடுவான். விடியல்தோறும் பதிகம் ஓதுகிற வாய் என்னுடையது. எதிர்த்து வந்தவனையும் ஆட்கொள்வதே ஈசன் வழக்கம் என்பதில் ஊறிப்போன நெஞ்சு. அவனே கைவிடாத ஒருவனை நான் கைவிடுவது எப்படி?

சென்னையிலிருந்து பதிப்பாளர் தொலைபேசியில் கெஞ்சினார். “ஐயா, உங்க சிறுகதையெல்லாம் தங்கம். நாவல்ல மட்டும் எல்லாரும் திருந்திடறாங்க. இந்த ஒரு தடவை ஒருத்தனைக் கெட்டவனாவே சாக விடுங்க.”

விட்டேன். பாதகங்களைக் கற்பனை செய்வது எளிதாகவே இருந்தது. அவற்றைச் செய்ய ஓர் உடம்புதான் அகப்படவில்லை. அப்போது எங்கள் ஜோகுபாளையத்துக் கோயிலில், பதிகம் ஓதும் குழுவின் செயலாளர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை எடுத்துக்கொண்டேன். பிறகு அங்கவஸ்திரத்தை உதறும் விதம், காதோர மயிர், கடைசியாக, மேல்ஸ்தாயியை எட்டியதும் சுருதியைப் பிரிந்து தனிவழி ஏகும் அந்தக் குரல். மற்றபடி அவர் பழுதற்ற மனிதர். நாவல் படிக்கும் பழக்கமும் இல்லாதவர்.

அந்த நாவலுக்கு விருது கிடைத்தது. குழுவில் எல்லோரும் ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள், செயலாளர் உட்பட.

மார்கழித் திருவாதிரை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சன்னதிக்கு நேரே முன்வரிசையில் அமர்ந்து ஓதுபவர் யார் யார் என்பது செயலாளர் முடிவு. நெடுங்காலமாக அதில் ஓரிடம் எனக்கு. விருது மேடை நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். அந்த இடத்தை விட மனம் வராது.

செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் நாவல். பல பக்கங்களின் மூலை மடிந்திருந்தது. காபி வைத்த என் மனைவி உள்ளே போகாமல் நின்றாள்.

“படிச்சேன் சார். அது நான்தானே?”

பொய் சொல்ல நா எழவில்லை. “சாயல் மட்டுந்தாங்க. செய்கையெல்லாம் கற்பனை.”

“வீட்டைப் புடுங்கறேன். பரவால்ல. பொய்ச்சாட்சி சொல்றேன். அதுவும் இருக்கட்டும், கதைன்னா அப்பிடித்தான். எங்க வீட்டம்மா, சரியாத்தான் எழுதியிருக்காருன்னுகூட சொல்லிட்டா.” கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா இங்க பாருங்க. சுருதி சேராத குரலாம். நான் எப்ப சார் சுருதிய வுட்டேன்?”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே விரைந்தாள்.

அவர் கைப்பேசியில் தம்புராவை மீட்டவிட்டு மேசைமேல் வைத்தார். “கேட்டுட்டுச் சொல்லுங்க.” முதல் அடி தம்புராவோடு இணங்கியே சென்றது. இரண்டாம் அடியில் குரல் மேலேறி, விடைபெற்றுக்கொண்டது. மாடிவீட்டுக் கன்னட அம்மையார் படியிறங்கி வந்து, “ஏனாய்த்து சார்? யாரிகாதரூ உஷாரில்வா?” என்று, யாருக்கோ உடம்புக்கு வந்துவிட்ட கவலையோடு கேட்டார். செயலாளர் பதிகத்தை முடித்த பிறகே நிறுத்தினார்.

“இப்ப சொல்லுங்க.”

ஆடல்வல்லானின் தூக்கிய திருவடி என் கண்முன் தோன்றியது. அதை நேரே காணும் முன்வரிசையும் தோன்றியது.

“அடுத்த பதிப்புல மாத்திடறேன்.”

“அது போதும். திருவாதிரைக்கு எனக்குப் பக்கத்துலயே உக்காந்துடுங்க.”

உட்கார்ந்தேன். தீபாராதனை ஒளியில் அவன் பாதம் அத்தனை அருகில் தெரிந்தது. என் வலச்செவிக்குள் செயலாளர் மேல்ஸ்தாயிக்கு ஏறினார். சுருதியை எவ்வளவு பற்றிக்கொண்டும் பயனில்லை. என் குரலும் அவர் குரலின் பின்னே போய்விட்டது. குருக்களே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிரசாதம் வாங்கும்போது செயலாளர் என் தோளில் பரிவோடு கைவைத்தார்.

“இன்னைக்கு சுருதி ஸ்வல்ப வெலகிடுச்சு சார் உங்களுக்கு. கவலப்படாதீங்க. நான் எங்கயும் எழுத மாட்டேன்.”