சீமாட்டிக்குத் தெரியாத உத்தியோகம்

நாய், பூனைகளுக்கான அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது டாக்டரம்மா. ஊசி ஏறி முடியும்வரை மிருகத்தை அசையவிடாமல் பிடிப்பது உடும்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவருடைய பிடியைப் பார்த்த ஊர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொண்டது. கன்றுக்குட்டி உயர நாயானாலும் கழுத்தடியில் ஒரு கை, வயிற்றடியில் ஒரு கை, அவ்வளவுதான், பெட்டிப்பாம்பு. ஊசி முடிந்ததும் அது டாக்டரம்மாவின் கையை நக்கும், உடும்பக்காவைப் பார்த்து உறுமும். குத்தியது ஒருவர், பழி இன்னொருவருக்கு.

தெருவில் அவர் தலை தெரிந்தால் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரரின் நாய் மூட்டைகளுக்குப் பின்னால் தலைமறைவு. இத்தனைக்கும் அவருக்கு வாயில்லா ஜீவன்கள் என்றால் உயிர். அந்தப் பிரியத்தைத் திருப்பித் தந்தது உலகத்திலேயே ஒரு ஜீவன்தான். அது அவர் வீட்டுப் பூனை, சீமாட்டி.

காரணம், சீமாட்டிக்கு அவருடைய உத்தியோகம் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டார். வேலைக் கோட்டை வாசலிலேயே கழற்றி வாளியில் முக்கிவிட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் பூனையைத் தொடுவார். ஆஸ்பத்திரி வாடை துளி ஒட்டியிருந்தாலும் குட்டு உடைந்துவிடும் என்று பயம். "குடிச்சிட்டு வர்றவன்கூட இவ்வளவு மறைக்க மாட்டான்" என்பார், வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் கணவர்.

இந்த லட்சணத்தில் சீமாட்டிக்கு ஓர் ஊசிகூடப் போட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வியாதி வந்தப்புறம் அழுது என்ன பிரயோஜனம்? வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் அது தடுப்பூசி" என்று காது புளிக்கச் சொல்பவர், டாக்டரம்மா கேட்டால் மட்டும் மழுப்புவார். "அது வீட்டைவிட்டு வெளியவே போகாது மேடம். அதுக்கு எங்கேருந்து வியாதி வரப்போகுது?" இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் வறுத்தெடுத்திருப்பார்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் கூடையில் பூனைக்குட்டியோடு ஓடி வந்தாள். வாந்தி, பேதி. உடும்பக்கா வழக்கம்போலப் பிடிக்கப் போனார். பிடிக்க வேண்டிய வேலையே இல்லை. குட்டி ஈரத்துணி மாதிரி கையில் கிடந்தது, ஊசி குத்தியதுகூட அதற்கு உறைக்கவில்லை. மதியத்துக்குள் போய்விட்டது. தடுப்பூசி போடாத குட்டி.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அக்கா, இந்தக் கிருமி செருப்புல ஒட்டிக்கிட்டே ஊர் சுத்தும். நீங்க போடற சோப்புக்கெல்லாம் சாகாது. உங்க சீமாட்டி வெளிய வரவே வேணாம். நீங்க வீட்டுக்குப் போனாலே போதும்."

உடும்பக்கா அதற்குமேல் கேட்க நிற்கவில்லை. கணவருக்குப் போன் போட்டார். "பூனையைக் கூடையில வச்சு உடனே எடுத்துட்டு வாங்க. நீங்கதான் பிடிக்கணும். நான் இங்க இருக்கறதே அதுக்குத் தெரியக்கூடாது."

"நான் என்னம்மா பாவம் பண்ணேன்?"

"உங்க மேல அதுக்கு ஏற்கெனவே மரியாதை இல்ல. புதுசா என்ன போயிடப்போகுது?"

கணவர் வருவதற்குள் உடும்பக்கா மேசையையும் தரையையும் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்து, வேறு கோட்டும் வேறு செருப்பும் மாற்றிக்கொண்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கூடை திறந்தது. சீமாட்டி, கூடையைத் திறந்த கணவரின் கையில் ஏறி, தலையில் கால் வைத்து, ஜன்னல் திரைச்சீலையின் உச்சிக்குப் போய்விட்டது. போகிற வழியெல்லாம் கீறல்.

"அக்கா, இப்ப நீங்க வெளிய வரலேன்னா உங்க வீட்டுக்காரருக்குத்தான் இந்த ஊசி" என்றார் டாக்டரம்மா.

உடும்பக்கா வெளியே வந்தார். கோட்டும் வாடையும் அப்படியே தெரிய, வெட்டவெளிச்சமாக. சீமாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தது. நாற்காலியில் ஏறி அதைக் கீழே இறக்கி, கழுத்தடியில் ஒரு கை, வயிற்றடியில் ஒரு கை கொடுத்தார். "நீ வெறுத்தாலும் பரவாயில்லடி, உயிரோட இரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது.

அந்தக் கையில் மாட்டிய எந்த மிருகமும் வெளியே போகத்தான் திமிறும். ஊசி இறங்கியபோது சீமாட்டி உள்ளே போனது. கோட்டின் இடுக்கில் தலையை நுழைத்து, அவருடைய கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"முடிஞ்சுது. சில வாரம் கழிச்சு இன்னொரு ஊசி இருக்கு. இப்ப விடுங்கக்கா."

உடும்பக்கா பிடியை விட்டார். சீமாட்டி விடவில்லை.

"அடுத்த ஊசிக்கு யாரு பிடிக்கறது?" என்றார் கணவர், கீறலை ஊதிக்கொண்டே.

"நான்தான். வேற யாராவது தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். காத்திருந்த நாய் ஒன்று அவரைப் பார்த்ததும் பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. "போடா" என்றார்.