உப்புத் தண்ணீர் குடித்த புங்கமரம்

பொம்மனஹள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு புங்கமரம். அதை ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடுவதாகக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! காய்கறிப் பையோடு நேரே செயலாளரிடம் போய் நின்றேன்.

“மரம் செத்துடுச்சும்மா. எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் இலை கொட்டுது,” என்றார்.

“எந்தத் தண்ணி சார்?”

“சாஃப்ட்னர் தண்ணிதான். வேஸ்ட்டா போறத மரத்துக்கு விடலாம்னு நான்தானே ஐடியா குடுத்தேன்!”

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. டேங்கர் தண்ணீரில் பாத்திரமெல்லாம் வெள்ளைக் கறை படிகிறது என்று, தண்ணீரை மென்மையாக்க வைத்த மெஷின் அது. அதற்குள் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறோம். மெஷினைக் கழுவிவிட்டு வெளியே வரும் தண்ணீர் வெறும் உப்புக் கரைசல். கோடையில் அதையும் மிச்சம் பிடித்தாரே என்று போன கூட்டத்தில் கைதட்டல் வேறு.

செடிகளுக்கு உப்பைக் கொடுத்து அவற்றின் செல்கள் என்ன செய்கின்றன என்று ஆய்வகத்தில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் வேர் தவிக்கும். ஆனால் செல் சும்மா கிடக்காது. நுழைந்த உப்பை வெளியே தள்ளப் பார்க்கும். மிஞ்சியதைத் தன் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் போட்டுப் பூட்டும். முற்றிய இலைகளில் உப்பை ஏற்றி உதிர்த்துவிட்டு, தளிரைக் காப்பாற்றும்.

இதையெல்லாம் சொன்னேன்.

“லேப் பேச்செல்லாம் இங்க வேணாம்மா.”

விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய், ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை.

“செத்தது இப்படியா சார் இருக்கும்? முதல்ல அந்தத் தண்ணிய நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை நான் இங்கதான் உக்காந்திருப்பேன். என்னை மீறி வெட்டட்டும், பாத்துடலாம்!”

சொன்னபடியே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெட்ட வந்தவர் நாற்காலியையும் என்னையும் பார்த்தார். “நீங்களே பேசி முடிங்க சார்” என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து எனக்கு ‘உப்பு மேடம்’ என்று பட்டப்பெயர். இருக்கட்டுமே! உப்புத் தண்ணீரை நிறுத்த வைத்து, மெஷினுக்குள் போகாத தண்ணீரைப் பிடித்து வாளி வாளியாகச் சுமந்தேன். இடுப்பு கழன்றது.

பிறகு மழை கொட்டியது. கிளையெல்லாம் தளிர்.

“பாத்தியாம்மா, மழை காப்பாத்திடுச்சு,” என்றார் செயலாளர், கூச்சமே இல்லாமல்.

“மழை இப்பதான் சார் வந்துச்சு. நீங்க ஊத்தின உப்பையெல்லாம் உள்ள பூட்டி வெச்சுக்கிட்டு, அதுவரைக்கும் உயிரோட நின்னது இந்த மரம்.”