சாயம் என்று நினைத்து அடித்தேன்

சகோதர சகோதரிகளே, என் மகளைக் கர்த்தர் பிழைக்க வைத்தார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

1997, மே மாதம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. பள்ளி லீவு என்பதால் எட்டு வயது மகள் ரூபிதான் மதியம் சோறு கொண்டு வருவாள். அவள் நகமெல்லாம் நீலமாக இருந்தது. சாயத்தொட்டியில் கை விட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பட்டறையில் யார் கைதான் சுத்தமாக இருந்தது?

"நான் தொடவே இல்லீங்கப்பா" என்றாள். பொய் சொல்கிறாள் என்று அடித்தேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து விரல்களைத் தேய்த்தேன். தோல் உரிந்தது. நீலம் போகவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இது சாயமில்லீங்க. உதட்டைப் பாருங்க, அதுவும் நீலம். ரத்தத்துல காத்துப் பத்தலீங்க" என்றார். 

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். நுரையீரலில் இரண்டு ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே தவறாக ஒன்றோடொன்று சேர்ந்திருந்தனவாம். ரத்தம் காற்றைத் தொடாமலே திரும்பிவிடுகிறதாம். நெஞ்சை அறுக்க வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச்சுருள் வைத்து அந்த வழியை அடைத்துவிடலாம் என்றார்கள். சுருள் நழுவினால் மூளைக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள்.

அவளை உள்ளே கொண்டுபோனதும் என் மனைவி எஸ்தர் முழங்காலில் நின்றாள். நான் சுவரோரமாகவே நின்றேன். எந்த முகத்தோடு கேட்பேன்?

"நீங்களும் கேளுங்க, அவ உங்க புள்ளதானுங்க" என்று எஸ்தர் அழுதாள்.

அப்போதுதான் கதறினேன். "ஆண்டவரே, அடிச்சவன் நானு. என்னையத் தண்டியுங்க, புள்ளைய உட்டுருங்க."

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். அடைத்தாகிவிட்டது, பயமில்லை என்றார். மறுநாள் காலை ரூபியின் நகங்கள் சிவந்திருந்தன. அந்த நிறத்தை அவளிடம் நாங்கள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இன்று ரூபி ஓடுகிறாள், மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதன்பிறகு நான் யார் மேலும் கை ஓங்கியதில்லை. ஆனாலும் நான் கையை நீட்டினால் அவள் விரல்களை மடக்கிக்கொள்கிறாள்.

ஜெபிக்கவே வெட்கப்படுகிறவர்கள் இங்கே இருந்தால், அந்த வெட்கத்தோடேயே அவரிடம் வாருங்கள். என்னையே தள்ளாதவர் உங்களைத் தள்ள மாட்டார். எனக்காகவும் ஒரு ஜெபம் பண்ணுங்கள். என் மகள் பயமில்லாமல் ஒரு நாள் என் கையைப் பிடிக்க வேண்டும்.